மதியச் சோறு போட்ட மகராசன்



நம் பாலிடெக்னிக் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு மறைந்த தலைவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். யாரை எழுதுவது என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எங்க வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மனுஷன் படம் என்று ஒன்றே ஒன்றுதான் மாட்டியிருக்கு. கதர்ச் சட்டை, தோளில் துண்டு, கறுத்த பெரிய முகம். பெருந்தலைவர் காமராஜர். அந்தப் படத்தை மாட்டியது எங்க அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர். அவருக்குக் கட்சி கிடையாது. ஓட்டு எந்தச் சின்னத்துக்குப் போடுகிறார் என்று இதுவரை யாருக்கும் சொன்னதும் கிடையாது. ஆனால் காமராஜர் பேரை எடுத்தால் மட்டும் மகராசன் என்பார்.

எங்க ஊர் திருப்பனந்தாள் பக்கம். காசி மடத்தால் பேர் பெற்ற ஊர். மண்ணியாற்றுப் பாசனம். குறுவை, சம்பா என்று நெல்லைத் தவிர வேறு பேச்சில்லாத மண். இப்படிப்பட்ட மண்ணில் பிள்ளைகள் மத்தியானச் சோறில்லாமல் இருந்தார்கள் என்று சொன்னால் யாருக்கும் நம்ப முடியாது. அப்பாயி சொல்லித்தான் எனக்கே தெரியும். விளைந்த நெல் வேறு வீட்டுக் களத்துக்குப் போகும், கூலியாக வந்தது மரக்கால் கணக்கில் இருக்கும், அதில் ராத்திரி ஒரு வேளைதான் உலை வைப்பார்கள். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே பெருந்தலைவரின் கதையை எழுதும்போது அங்கங்கே எங்க வீட்டுக் கதையும் நுழைந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு விருதுப்பட்டி என்று பேர். தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பேரால் முதலில் காமாட்சி என்று பேர் வைத்தார்கள். அம்மா ராஜா என்று கூப்பிடுவாராம். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆகிவிட்டது. நாகம்மாள் என்று ஒரு தங்கை.

அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளி. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு பிடி அரிசி! உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைச் சேகரித்து, விற்று, அந்தப் பணத்தில் வாத்தியாருக்குச் சம்பளம். வியாபாரிகள் கொடுக்கும் மகமையும் உண்டு. அரிசிக்கும் படிப்புக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவர் அவர். பின்னாளில் செய்ததற்கெல்லாம் விதை அந்தக் கலயத்தில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பள்ளிக்கூடத்து விநாயகர் சதுர்த்தி பற்றி ஒரு கதை சொல்வார்கள். பூஜை முடிந்து சுண்டல், பொரி எல்லாம் கொடுக்கும்போது முண்டியடித்த பையன்களுக்கு நிறையக் கிடைத்ததாம். ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான். வீட்டில் கேட்டபோது, எல்லாரும் ஒரே காசுதான் கொடுத்தோம், வாத்தியார் எல்லாருக்கும் சமமாகப் பிரித்துத் தருவதுதானே முறை, நான் ஏன் முண்ட வேண்டும் என்று கேட்டாராம். நடந்ததோ நடக்கவில்லையோ, பந்தியில் கடைசியில் நிற்கிறவன் இலையையும் பார்க்க வேண்டும் என்ற புத்தி அவருக்குக் கடைசி வரை இருந்தது.

ஆறு வயது இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். சிவகாமி அம்மாள் நகைகளைத் தம்பியிடம் கொடுத்து, அதில் வரும் வட்டியில் பிள்ளைகளை வளர்த்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமன் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனார். மடித்தாரா என்பது வேறு விஷயம். கடையில் உட்கார்ந்தபடி பத்திரிகை படிப்பதும், சாயங்காலமானால் கூட்டம் கேட்கப் போவதுமாகத்தான் இருந்திருக்கிறார். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது. அப்புறம் கடையில் மனசு தங்கவில்லை. வீட்டார் பயந்து போய்த் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர் 1924இல் வைக்கம் போராட்டத்துக்குப் போய்விட்டார். கோயிலைச் சுற்றிய தெருவில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்பதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை. கடைசி வரை அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். இது நம்ம தஞ்சாவூர் ஜில்லாக் கதை. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் கும்பகோணம் வழியாக வேதாரண்யம் நடந்தார்கள். அப்போது தஞ்சாவூர்க் கலெக்டராக இருந்த தார்ன் துரை, இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவு போட்டார். நம் ஜில்லா ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் மரம்தான் பதில் சொல்ல வேண்டும்! இந்தச் சத்தியாகிரகத்தில் சேர்ந்துதான் காமராஜர் முதல் முறையாக ஜெயிலுக்குப் போனார். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால் 1931இல் விடுதலை. அதற்கப்புறம் போவதும் வருவதுமாக மொத்தம் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஜெயில். நாம் ஒன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற காலம் அது. ஜெயிலில்தான் அவர் புத்தகம் புத்தகமாகப் படித்தார், இங்கிலீஷும் கற்றுக்கொண்டார். அவர் ஆறாவதோடு நின்றவர் என்று எல்லாரும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

தீரர் சத்தியமூர்த்திதான் அவருக்கு அரசியல் குரு. 1936இல் குரு தலைவர், சீடர் செயலாளர். 1940இல் சீடர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், குரு அவருக்குச் செயலாளர்! இப்படி ஒரு மாற்றத்தை இப்போது எந்த இடத்திலாவது பார்க்க முடியுமா? 1943இல் சத்தியமூர்த்தி காலமானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜர் முதலில் போனது குருவின் வீட்டுக்குத்தான். அங்கே கொடியேற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1953இல் ராஜாஜி ஆட்சியில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. எங்க குடும்பத்துக்கு அப்போது இருந்த தொழில் பண்ணை வேலை. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நான் இந்நேரம் எதைக் கற்றிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதலமைச்சர் ஆனார். வந்த வேகத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டசபைக்கு வந்தார். மந்திரிகள் மொத்தம் எட்டுப் பேர். தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பேரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் கூடவே வைத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். கோயிலுக்குள் போகவே சண்டை போட வேண்டியிருந்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர் கோயில்களுக்கே மந்திரி! வைக்கத்துக்குப் போன பையன் அதை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள். முன்னூறு பேர் இருக்கிற ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும், எந்தப் பிள்ளையும் ஒரு மைலுக்கு மேல் நடக்கக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். கட்டடம் இல்லையா, திண்ணை போதும். ஒரே ஒரு வாத்தியாரா, அதுவும் போதும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைக் கூப்பிட்டு வாத்தியார் ஆக்கினார்கள். அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் மனசில் நினைத்ததைக் காகிதத்தில் கொண்டுவந்தவர் இவர் என்றே சொல்லலாம்.

பள்ளி திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் காமராஜர் பேச்சுக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவது என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டானாம். அந்தக் கேள்விக்குப் பதில்தான் மதிய உணவுத் திட்டம் என்பார்கள். உண்மையில் இந்த யோசனை அதற்கு முன்பே நம் நாட்டில் இருந்தது. 1920லேயே சென்னை மாநகராட்சி, சர். பிட்டி. தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. இங்கிலாந்தில் 1906லேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. காமராஜர் செய்தது என்னவென்றால், பட்டணத்தில் ஒரு மூலையில் நடந்ததைப் பட்டிக்காட்டுக்கெல்லாம் கொண்டுபோனது.

பணம்? அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். மாநிலத்தில் அப்போது மதுவிலக்கு முழுசாக அமலில் இருந்தது, சாராய வருமானம் ஒரு பைசா கிடையாது. காமராஜரோ இதற்காக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். 1956இல் எட்டயபுரத்தில் ஆரம்பித்துவைத்தார். பாரதியார் பிறந்த ஊர். முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி, பருப்பு, விறகு, காசு. விருதுநகர் பிடி அரிசிக் கலயம் ஞாபகம் வருகிறதா? அப்புறம் அரசாங்கம் ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்று ஆனது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும், மக்காச்சோள மாவும், எண்ணெயும் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் எங்க அப்பாயி வருகிறார். அப்பாயிக்கு இப்போது எழுபத்து நாலு வயது. அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே அந்தச் சோற்றுக்காகத்தான். இதைச் சொல்ல அவர் வெட்கப்படுவது இல்லை. தினமும் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாராம். தட்டு ஒன்று, சாப்பிடுவது இரண்டு பேர். வாத்தியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாராம். அந்த வாத்தியார் பேர் அப்பாயிக்கு மறந்துவிட்டது, முகம் ஞாபகம் இருக்கிறதாம். முதலில் சோறும் சாம்பாரும், பிறகு மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமா, டம்ளரில் பால். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்களா என்று கேட்டேன். முதலில் இல்லை, பிறகு உட்கார்ந்தோம் என்றார். எப்போது மாறியது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது முடிக்கும்போது படிப்பு நின்றது. நடவுக்கு ஆள் வேண்டும். எங்க கொள்ளுப் பாட்டிக்குக் கையில் சேற்றுப்புண் வந்து இறங்க முடியாமல் போக, அந்த இடத்தில் மகள் இறங்கினார். மதியச் சோறு பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிவந்தது. ஆனால் வீட்டில் ராத்திரிச் சோறு இல்லையே! இதைக் காமராஜர் மேல் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மலரில் எழுதும்போது எல்லாம் நல்லபடி நடந்தது என்று மட்டும் எழுதினால் அப்பாயிக்கு நான் உண்மையாக இல்லை என்று ஆகிவிடும்.

நிலத்துக்கு அவர் ஆட்சி ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 1952லேயே ராஜாஜி காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. காமராஜர் ஆட்சியில் 1955இல் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று ஒரு சட்டம். 1956இல் நியாய வாரச் சட்டம். நன்செயில் விளைச்சலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிலச் சொந்தக்காரருக்கு அளக்க வேண்டாம் என்றது அது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் சட்டத்தில் விதிவிலக்குகள் அதிகம். வராத பிள்ளை பேரிலும், பிறக்காத பேரன் பேரிலும் நிலம் எழுதப்பட்டது என்று எங்க பக்கத்தில் கேலியாகச் சொல்வார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் காங்கிரஸ் என்றாலே பெரிய மிராசுதார்கள் என்று இருந்த காலம். கட்சியின் தூணையே அசைக்கக் காமராஜரால் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குத்தகைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு, நிலமே இல்லாமல் கூலிக்கு இறங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் எரிந்துபோனதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல் தகராறுதான். அப்போது அவர் ஆட்சியில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு அவர் காலத்திலேயே தீராமல் விட்ட கணக்கு.

அப்பாயி வாழ்க்கையில் காமராஜர் இரண்டாவது முறையும் வருகிறார். இதை அப்பாயிக்கே நான்தான் சொன்னேன். இப்போது அவர் மாசம் வாங்குகிற 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை இருக்கிறதே, அது நம் மாநிலத்தில் முதன்முதலாக 1962 ஏப்ரல் 1ஆம் தேதி காமராஜர் ஆட்சியில் ஆரம்பித்தது. ஆதரவில்லாத வயசானவர்களுக்கு மாதம் 20 ரூபாய். பிள்ளையாக இருந்தபோது மத்தியானச் சோறு, கிழவியானபோது கைச் செலவுக்குக் காசு! இரண்டுக்கும் ஒரே ஆள் என்று தெரிந்ததும் அப்பாயி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முதல் வருஷம் டிராயிங் வகுப்புக்கு எனக்கு மினி டிராஃப்டர் வாங்கியது அந்தப் பணத்தில்தான்.

இந்த மாதிரி அரசாங்கத்துக்கு மக்கள் நல அரசு என்று பேர். பிறந்ததிலிருந்து சாகும் வரைக்கும் ஒரு மனுஷன் பட்டினியாலும் நோயாலும் அறியாமையாலும் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை என்பது அதன் பொருள். உலகத்தில் இதற்குப் பேர் போன உதாரணம் இங்கிலாந்துதான். அங்கே 1942இல் பெவரிட்ஜ் என்பவர் ஓர் அறிக்கை எழுதினார். 1945இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சிப் பிரதமர் அட்லி அதைச் செயலில் கொண்டுவந்தார். இந்த அட்லி ஆட்சியில்தான் நமக்குச் சுதந்திரமும் வந்தது. அவருடைய சுகாதார மந்திரி பெவன், 1948 ஜூலை 5 முதல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று கொண்டுவந்தார். பெவன் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். இங்கே துணிக்கடைக்குப் போனவர், அங்கே சுரங்கத்துக்குப் போனவர். எனக்கு இந்த ஒற்றுமை ரொம்பப் பிடித்தது. ஒரு வித்தியாசமும் உண்டு. அங்கே எல்லாத் தொழிலாளியிடமும் வாரா வாரம் சந்தா பிடித்து நடத்த முடிந்தது. இங்கே சம்பளமே நெல்லாக வாங்குகிறவனிடம் என்ன சந்தா பிடிப்பது? அதனால்தான் இன்ஷூரன்ஸ், வைத்தியம் என்று ஆரம்பிக்காமல் தட்டில் சோறு என்று ஆரம்பித்தார் காமராஜர். அது மட்டுமில்லாமல் 1955லேயே ஆசிரியர்களுக்குப் பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் கொண்டுவந்ததும் அவர் ஆட்சிதான். பிள்ளைகளுக்குச் சீருடையும், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர்க்காரர்களே பள்ளிக்கு மேஜை, நாற்காலி, கரும்பலகை கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். படிப்படியாக அன்றைய பதினோராம் வகுப்பு வரை சம்பளம் இல்லாத படிப்பும் வந்தது.

நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்க மின்னியல் துறையிலிருந்து திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைக்குத் தொழிற்பயணம் போனோம். மின்நிலையங்களுக்கு வேண்டிய பாய்லர் செய்யும் இடம். ஒவ்வொரு கூடமும் எங்க ஊர்த் தெரு நீளத்துக்கு இருந்தது. செக்கோஸ்லோவாகியா நாட்டு உதவியோடு 1965இல் வேலை தொடங்கிய ஆலை அது. அதை நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்ததில் காமராஜருக்கும், தொழில் மந்திரி ஆர். வெங்கட்ராமனுக்கும் பெரிய பங்கு உண்டு. தண்ணீர், நிலம், மின்சாரம் மூன்றும் சேர்ந்த இடம் இந்தப் பக்கம் கிடையாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது, மாநிலத்தை மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்திருந்த காமராஜர்தான் இந்த இடத்தைக் காட்டினார் என்று அங்கே வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். நெய்வேலி நிலக்கரி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, கிண்டித் தொழிற்பேட்டை, வைகை அணை, சாத்தனூர் அணை எல்லாம் அந்தப் பத்து வருஷத்துக்குள் எழுந்தவை. அங்கெல்லாம் வேலை செய்ய ஆள் வேண்டுமே என்று அரசு பாலிடெக்னிக்குகளும் அப்போதுதான் ஜில்லாவுக்கு ஜில்லா முளைத்தன.

டெல்லி அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று கே பிளான் கொண்டுவந்தார். முதலில் அவரே 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டார். 1964இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். நேரு மறைந்ததும் சாஸ்திரியையும், 1966இல் சாஸ்திரி மறைந்ததும் இந்திரா காந்தியையும் பிரதமர் ஆக்கினார். தனக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். 1,285 ஓட்டு வித்தியாசம். ஜெயித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும், அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரஸையே கவிழ்த்த தேர்தல் அது. 1965இல் முதலமைச்சராக இருந்தவர் பக்தவத்சலம், காமராஜர் டெல்லியில் இருந்தார். இருந்தாலும் பழி அவர் மேலும் விழுந்தது. அவர் திறந்த பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளே அவரைத் தோற்கடித்தார்கள் என்று சிலர் வருத்தமாக எழுதுவது உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோறு போட்டார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டதில்லையே. படித்த பிள்ளை கேள்வி கேட்கத்தான் செய்வான். தோல்விக்குப் பிறகு அவர் மூலையில் உட்கார்ந்துவிடவும் இல்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

சொந்த வாழ்க்கையில் அவர் எப்படி இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். முதலமைச்சர் அம்மா என்பதற்காக விருதுநகர் வீட்டுக்குத் தனியாக ஒரு தண்ணீர்க் குழாய் போட்டபோது, அதைப் பிடுங்கச் சொன்னார் என்பார்கள். அம்மாவுக்கு மாசா மாசம் அளந்துதான் பணம் அனுப்பினார். இதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எங்க அம்மா மட்டும், பாவம் அந்தக் கிழவி தெருக் குழாயில் நின்றிருப்பாங்களே என்று சொல்லும். இரண்டும் சரிதான் என்று எனக்குப் படுகிறது.

நெருக்கடி நிலை அமலில் இருந்த 1975ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் நாள், காந்தி ஜெயந்தி அன்று, சென்னை தியாகராய நகர் வாடகை வீட்டில் காமராஜர் காலமானார். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர் விட்டுப்போனது சில வேட்டி சட்டை, புத்தகங்கள், கையிருப்பாக நூற்றுச் சொச்சம் ரூபாய். அடுத்த வருஷம் பாரத ரத்னா விருது கொடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். எங்க அப்பா சாப்பிட்டது அது. அவரும் எட்டாவதோடு நின்று கொத்தனார் வேலைக்குப் போய்விட்டார். நான் சாப்பிட்டது முட்டையோடு. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. என் சித்தப்பா மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் பாடம் படிக்கிறாள்.

காமராஜர் செத்த அன்று நீங்க எங்கே இருந்தீங்க என்று அப்பாயியைக் கேட்டேன். சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். பண்ணை வீட்டு ரேடியோவில் சொன்னதைக் கேட்டுவிட்டு ஓர் ஆள் வரப்பில் ஓடிவந்து சொன்னாராம். பொம்பளைகள் எல்லாரும் கரையேறி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்களாம். மறுநாள் டீக்கடையில் பேப்பரில் வந்த படத்தைத் தாத்தா கேட்டு வாங்கிவந்தார். பசை வாங்கக் காசில்லை. அப்பாயி சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி மண்சுவரில் ஒட்டினார்.

அந்தப் படம் 1977 நவம்பர் புயலில் சுவரோடு போய்விட்டது. இப்போது வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அதற்குப் பிறகு கும்பகோணத்தில் வாங்கியது.